முதலைக்குப் பயந்து போனோம், ஈரத்திடம் மாட்டினோம்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கும் கெய்ர்ன்ஸ் போய் வாடகைக்கு வேன் எடுத்து, அதிலேயே சமைத்து அதிலேயே படுத்து 16 நாள் சுற்றப்போகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், மெல்பர்னில் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு முதலைக் கதையை எடுத்துவிட்டார்கள். ஒரு நண்பர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வீடியோ போட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர், இவர், அன்றிரவே உட்கார்ந்து குயின்ஸ்லாந்து அரசின் முதலை எச்சரிக்கைகளை முழுக்கப் படித்துவிட்டு எனக்கு வகுப்பெடுத்தார். தண்ணீர் விளிம்பிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ராத்திரி தங்கும் இடம் 50 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மீன் கழிவைக் கரையில் போடக் கூடாது. தினமும் ஒரே இடத்துக்குப் போய்த் தண்ணீர் மொள்ளக் கூடாது, அது பார்த்து வைத்துக்கொண்டிருக்குமாம்.

எல்லாமே நியாயமான அறிவுரை. அப்படியே நடந்தோம். போன இடமெல்லாம் ஆற்றங்கரையில் மஞ்சள் பலகை நின்றது. ஜெர்மானியப் பயணிகளுக்காக அதில் 'ஆக்டுங்', அதாவது எச்சரிக்கை, என்றும் எழுதியிருந்தது. ஆனால் 16 நாளில் முதலையைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, டெயின்ட்ரீ ஆற்றில், டிக்கெட் எடுத்துப் படகில் உட்கார்ந்துகொண்டு. சேற்றில் பனந்தடி மாதிரி கிடந்தது. வாயைக்கூடத் திறக்கவில்லை.

எங்களைப் படுத்தி எடுத்தது ஈரம். அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் நாகர்கோவில் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். ஐம்பதைத் தாண்டியாயிற்று. மெல்பர்னுக்கு வந்து 20 வருடம் ஆகிறது. பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வெளியே போனபிறகு இரண்டு பேர் மட்டும் போகிற முதல் நீண்ட பயணம் இது. ஈரம் எனக்குப் புதிதா என்ன, ஆடிச் சாரலில் பாவாடையை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்து உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான் என்று ஒரு மிதப்பு இருந்தது. ஊரில் எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று வரும், முற்றம் இருக்கும், வீடே மூச்சுவிடும். வேன் ஒரு தகரப் பெட்டி. கதவைச் சாத்தினால் நாம் விடுகிற மூச்சும் அதற்குள்ளேயேதான் சுற்றும். இது புரிய நாலு ராத்திரி ஆயிற்று.

நாங்கள் பயணம் போன மாதமும் ஒரு காரணம். ஜூன், ஜூலை, ஆகஸ்டுதான் அந்தப் பக்கத்துக்கு நல்ல பருவம்: மழை குறைவு, ராத்திரி இதமாக இருக்கும். அப்போது வாடகை ஏறிக் கிடக்கும். அக்டோபர் கடைசி வாரம் தேடியபோது நாளுக்கு 128 டாலர் என்று காட்டியது, ஜூலையில் பார்த்ததில் கிட்டத்தட்ட பாதி. "பாத்தியா, நம்ம நேரம்" என்றார் இவர். விலை ஏன் பாதி என்று யோசித்திருக்க வேண்டும். அக்டோபர் முடியும்போது மழை இன்னும் வந்திருக்காது, ஆனால் வருவதற்கான புழுக்கம் வந்துவிடும். நவம்பரிலிருந்து மே வரை கடலில் பெட்டி ஜெல்லிமீன் சீசன் வேறு. அந்த ஊர்க்காரர்கள் வலை கட்டிய இடத்தில்தான் குளிக்கிறார்கள். கரையில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள். கொட்டினால் அதை ஊற்றிவிட்டு 000-க்கு அழைக்க வேண்டும்.

வாடகை வண்டியைக் கையில் எடுக்கும்போது செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கூரை உயர்த்திய டொயோட்டா வேன். பகலில் பின்பக்கம் இருக்கை, ராத்திரி பலகையை இறக்கினால் கட்டில். ஒற்றை அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கூரையில் ஒரு சோலார் தகடு. கம்பெனிப் பையன் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டான். ஒப்பந்தத்தை நான் படித்தேன்: தார் போடாத சாலையில் போகக் கூடாது, ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது, கூரையும் அடிப்பாகமும் அடிபட்டால் காப்பீடு கிடையாது. கூரை உயரத்தைத் தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டினேன், கெய்ர்ன்ஸ் ஷாப்பிங் சென்டர் வாகன நிறுத்தத்தில் அது எங்களைக் காப்பாற்றியது. அதுவரை கெட்டிக்காரத்தனம்தான். உள்ளே விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஓடுகிற இரண்டாவது பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. ஈய பேட்டரியாக இருந்தால் முழு சார்ஜில் 12.6, 12.7 காட்ட வேண்டும். சும்மா நிற்கும்போது 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. இதெல்லாம் எனக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்த பாடம்.

வெள்ளிக்கிழமை காலை ரஸ்டிஸ் சந்தை. கெய்ர்ன்ஸில் வெள்ளி, சனி, ஞாயிறு நடக்கும். உள்ளே நுழைந்ததும் இவர் நின்றுவிட்டார். பலாப்பழ வாசம். கறிவேப்பிலை கட்டுக் கட்டாக. மரச்சீனிக் கிழங்கு, மண் ஒட்டினபடி. மெல்பர்னில் உறைந்த பாக்கெட்டில் வாங்கித் தின்று தின்று, மண்ணோடு அதைப் பார்க்கவே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று கிலோ வாங்கினோம். இரண்டு பேருக்கு ஒற்றை அடுப்பில் மூன்று கிலோ மரச்சீனி! மூன்றாம் நாளே மிச்சத்தில் நீலக் கோடு ஓடி வீணாய்ப் போனது. அங்கே எதையும் அன்றன்றைக்கு மட்டும் வாங்குங்கள். ரொட்டி இரண்டே நாளில் பூசணம் பிடித்தது. உப்பு டப்பாவில் அரிசி போட்டும் கல்லாய் இறுகியது. அப்பளம் பாக்கெட்டைப் பிரித்த அன்றே துணி மாதிரித் தொங்கியது.

*

டெயின்ட்ரீ ஆற்றுக்குப் பாலம் இல்லை. கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு போகும் படகில் வண்டியோடு ஏறி ஐந்து நிமிடத்தில் அக்கரை. நள்ளிரவோடு படகு நின்றுவிடும். அக்கரையில் பொது மின்சாரக் கம்பி கிடையாது. ஒவ்வொரு வீடும் கடையும் சோலாரிலோ ஜெனரேட்டரிலோதான் ஓடுகிறது. போன் சிக்னல் அநேகமாக இல்லை. டீசலை மோஸ்மன் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தின் முன்பதிவு, வரைபடம் எல்லாவற்றையும் இக்கரையிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

அங்கே காடு கடலில் வந்து இறங்குகிறது. மழைக்காடும் பவளத்திட்டும், இரண்டு உலகப் பாரம்பரியச் சொத்துகள், ஒன்றை ஒன்று தொடும் இடம். 1770 ஜூனில் கேப்டன் குக்கின் கப்பல் பவளப்பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது இந்தக் கடலில்தான். தன் துன்பமெல்லாம் இங்கே தொடங்கியது என்றுதான் இந்த முனைக்குக் கேப் டிரிபியூலேஷன், துன்ப முனை, என்று அவர் பெயர் வைத்தார். அந்த மண்ணின் மக்களான குக்கு யலாஞ்சிகளுக்கு அது குல்கி. 2021-ல் டெயின்ட்ரீ தேசியப் பூங்காவின் உரிமை அவர்களுக்கே திரும்பியது.

எங்கள் துன்பமும் அங்கேதான் தொடங்கியது. குக் அளவுக்கு இல்லை.

காட்டுக்குள் இருந்த முகாமில் மின் இணைப்பில்லாத இடம்தான் கிடைத்தது. சோலார் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். மழைக்காட்டில் வெயில் தரைக்கு வராது என்று ஐந்தாம் வகுப்பில் படித்ததை, கூரைமேல் தகட்டை வைத்துக்கொண்டு யோசிக்கத் தோன்றவில்லை. பகல் முழுக்க நிழல். வண்டியையும் அங்கிருந்து கடற்கரை, கடற்கரையிலிருந்து நடைபாதை என்று நாலு நாலு கிலோமீட்டர்தான் ஓட்டினோம். அதில் என்ன சார்ஜ் ஏறும்? இரண்டாம் நாள் காலை பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். விளக்கு எரியவில்லை. பால் பாக்கெட் என் கையைவிடச் சூடாக இருந்தது.

பால் போனால் போகட்டும். உள்ளே இவருடைய இன்சுலின் இருந்தது.

ஓட்டத்தில் இருக்கும் பேனாவை 30 டிகிரிக்குள் வெளியிலேயே வைக்கலாம், நாலு வாரம் தாங்கும். பிரிக்காத இரண்டு பேனாவும் குளிரில் இருந்தாக வேண்டும். மத்தியானம் சாத்தின வேனுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கென்றே மெல்பர்னில் ஒரு பை வாங்கி வைத்திருந்தேன், தண்ணீரில் நனைத்து வைத்தால் தானாகக் குளிரும், மண்பானை மாதிரி. அங்கே 40 டிகிரி வெயிலில்கூட ஜோராக வேலை செய்தது. நனைத்தேன், சுற்றினேன், ஜன்னலோரம் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று அப்படியே இருந்தது. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இவர்தான் நிதானமாகச் சொன்னார்: "காத்துலயே தண்ணி நெறஞ்சிருக்கு புள்ள. இந்தப் பையில இருக்குற தண்ணி எங்க போவும்?"

அதுதான் விஷயம். நீர் ஆவியாகிப் போனால்தான் குளிரும். மெல்பர்ன் வெயில் வறண்ட வெயில், உடனே உறிஞ்சிவிடும். இங்கே காற்றே நனைந்த துணி. மருந்து கொண்டுபோகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெப்பமண்டலக் கடற்கரைக்கு அந்த நனைக்கிற பை மட்டும் போதாது. ஐஸ் பெட்டி ஒன்று தனியாக வேண்டும், மருந்து ஐஸில் நேராகப் படாமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும், உறைந்துபோனாலும் கெட்டுவிடும்.

முகாம் நடத்துகிற அம்மாவிடம் போய் நின்றோம். எழுபது வயதிருக்கும், வெறுங்காலோடு இலை கூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் பேனா இரண்டையும் வாங்கித் தன் சமையலறை ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டில் நிறுத்திவைத்தார். பிறகு தன் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து எங்கள் பேட்டரிக்கு மூன்று மணி நேரம் சார்ஜ் போடவிட்டார். காசு வாங்கவில்லை. இவர் சும்மா இருக்க மாட்டாமல் விளக்குமாற்றை வாங்கி மிச்ச இலையைக் கூட்டிக் கொடுத்தார்.

சிக்னல் கிடைக்கும் இடம் வந்து கம்பெனிக்குப் போன் போட்டால், "வண்டி ஓட்டினால் சரியாகிவிடும்" என்றார்கள். ஆகவில்லை. மேலே, மலைமேல் இருக்கும் ஆத்தர்டன் ஊரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் சோதித்துப் பார்த்து, பேட்டரி எப்போதோ செத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை அனுப்பிய பிறகுதான் மாற்றச் சம்மதித்தார்கள். செலவு செய்த பணம் திரும்ப வர ஐந்து வாரம். எதையும் வாய்ப்பேச்சாக விடாதீர்கள், வோல்ட் மீட்டரைப் படமெடுத்து நேரத்தோடு அனுப்புங்கள்.

*

ராத்திரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் எதையும் சமாளிக்கலாம்: கடல் காற்று இருக்கும், மர நிழல் இருக்கும், ஐஸ்கிரீம் இருக்கும். மெல்பர்னில் அந்த மாதம் ராத்திரி எட்டு மணி வரை வெளிச்சம். குயின்ஸ்லாந்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆறு இருபதுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், விழுந்த கால் மணியில் கும்மிருட்டு. வாலபி என்கிற குட்டிக் கங்காரு சாலைக்கு வருவது சரியாக அந்த நேரம். நாலு மணிக்குள் போய் நின்றுவிட வேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டோம். அப்புறம் பதினோரு மணி நேர இருட்டு, இரண்டு பேர், ஒரு தகரப் பெட்டி.

ஜன்னலைத் திறந்தால் மணல் ஈ, வலைக்கண்ணுக்குள்ளும் புகுகிற அளவு பொடிசு, கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். மூடினால் ஆவி. முதல் இரண்டு ராத்திரி நான் உள்ளேயே சோறு வடித்தேன். காலையில் கூரையிலிருந்து இவர் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதோடு சமையல் வெளியே. மழை பெய்தால் முகாமின் பொதுச் சமையலறை. நாலாம் நாள் மெத்தையைத் தற்செயலாகத் தூக்கினால் அடியில் பலகை பூராவும் நனைந்து கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. உடம்பிலிருந்து வருகிற ஈர ஆவி கீழே இறங்கி, குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. அதற்குப் பிறகு எழுந்ததும் முதல் வேலை மெத்தையைச் செங்குத்தாக நிறுத்துவது, இரண்டு பக்கக் கதவையும் திறந்து ஒரு மணி நேரம் காற்றோட விடுவது. வினிகர் தொட்டுத் துடைத்தால் பூசணம் பரவுவது குறையும்.

துணி விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது தோர்த்து. கம்பெனி கொடுத்த டர்க்கி டவல் இரண்டும் முதல் நாள் நனைந்தது, கடைசி நாள் வரை காயவில்லை. நாலாம் நாளே நாய் வாசம். அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட தோர்த்து மூன்றும், அந்த ஈரிழைத் துணி, வண்டியின் பின்கதவில் தொங்கவிட்ட ஒரு மணியில் உலர்ந்துவிடும். ஐந்தாம் நாளிலிருந்து இவருடைய வேட்டிதான் எங்கள் படுக்கை விரிப்பு. பக்கத்து இடத்து ஜெர்மன் பெண் இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுப் போனாள்.

இந்தப் புழுக்கத்துக்கு ஒரே மருந்து உயரம். கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரம் மலை ஏறினால் ஆத்தர்டன் பீடபூமி, கடல் மட்டத்துக்கு மேலே 700, 800 மீட்டர். ஏற்காட்டுக்கு ஏறுவது மாதிரிதான், ஆனால் மேலே பால் மாடு, மக்காச்சோளம், பச்சைப் புல்வெளி. யுங்கபராவில் இறங்கிய அன்று ராத்திரி கம்பளி தேடினோம். ஒன்பது மணி நேரம் அசையாமல் தூங்கினேன். மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிய தொனியே வேறு. அப்போதுதான் முதல் நாலு நாள் நாங்கள் போட்ட சண்டையில் பாதி தூக்கமில்லாத சண்டை என்று புரிந்தது.

அன்று மாலை ஓடைக்கரையில் பிளாட்டிபஸ் பார்க்கப் போனோம். முக்கால் மணி நேரம் மூச்சுச் சத்தம் இல்லாமல் நின்றோம். தண்ணீரில் குமிழி வந்தது. பிறகு தலையணை உறை மாதிரி பழுப்பாக ஒன்று மிதந்து, வாத்து அலகால் ஏதோ மென்று, வளைந்து முங்கிவிட்டது. அவ்வளவுதான், பத்து விநாடி. இவர் என் கையைப் பிடித்திருந்தார், நான் கவனிக்கவே இல்லை.

திரும்பப் போனால் திட்டத்தை இப்படிப் போடுவேன்: கடற்கரையில் இரண்டு ராத்திரி, மேலே ஒரு ராத்திரி, மறுபடி கீழே. கீழே தங்கும்போது மின் இணைப்புள்ள இடம், ஏசிக்காக. எங்களுக்கு அது 45-லிருந்து 70 டாலர் வரை ஆயிற்று. இலவச இடங்களும் உண்டு. பாபிண்டாவில் விருப்பப்பட்ட காசைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தங்கலாம், வெந்நீர்க் குளியலும் உண்டு. ஆனால் கண்ட இடத்தில் சாலையோரம் படுத்தால் நகராட்சி அபராதம் போடும்.

*

மில்லா மில்லாவிலிருந்து பாமர்ஸ்டன் நெடுஞ்சாலை வழியாக இன்னிஸ்ஃபெயிலுக்கு இறங்கினால் கரும்பு, வாழை, மறுபடி கரும்பு. வாழைத்தார் ஒவ்வொன்றுக்கும் நீலமும் வெள்ளியுமாகப் பை மாட்டியிருந்தார்கள். காற்றில் சர்க்கரை ஆலையின் பாகு வாசம். ஜூனிலிருந்து நவம்பர் வரை வெட்டு நடக்கும், அப்போது குட்டி ரயில்கள் கரும்பை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையையே குறுக்கே வெட்டிப் போகும். பல இடத்தில் கேட் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டும். எஞ்சின் போய்விட்டதே என்று கிளம்பிவிடாதீர்கள், பின்னால் வந்துகொண்டே இருக்கும். சாலையோரம் ஆளில்லாக் கடைகள்: ஒரு மேசை, பப்பாளி நாலு, வாழை ஒரு சீப்பு, தகர உண்டியல். சில்லறை வைத்திருங்கள். கார்டைத் தேய்க்க அங்கே ஆளில்லை.

எட்டி பே கடற்கரையில் அப்படி வாங்கிய பப்பாளியை இவர் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கொடியில் தோர்த்தை விரித்துக்கொண்டிருந்தேன். "இந்தா, அசையாத" என்றார், குரலே எழும்பாமல். திரும்பினால் என் தோளுயரத்துக்கு ஒரு கேசோவரி, ஈமு மாதிரி பறக்காத பெரிய பறவை. கழுத்தில் இருந்த அந்த மாதிரி நீலத்தை நான் காஞ்சிபுரம் பட்டில்தான் பார்த்திருக்கிறேன். தலையில் கவசம் மாதிரிக் கொம்புக் கொண்டை. காலில் உள்விரல் நகம் கத்தி போல நீண்டிருந்தது, அதால் உதைத்தால் குடலே வந்துவிடும் என்பார்கள். பின்னாலேயே இரண்டு குஞ்சு, அணில் மாதிரி கோடு போட்டுக்கொண்டு. வந்திருந்தது அப்பா. இந்தப் பறவையில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் முழுக்க அப்பா வேலை, அம்மா முட்டையிட்டதோடு போய்விடுவாள். குஞ்சோடு இருக்கும்போதுதான் அது பொல்லாதது.

ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, கையில் இருப்பதை முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும் என்று பலகையில் படித்திருந்தோம். என் கையில் இருந்தது தோர்த்து. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஸ்பெயின் காளைச் சண்டைக்காரி மாதிரி, வேனின் அந்தப் பக்கம் போனேன். இவர் பப்பாளியை டப்பாவில் அடைத்து மூடினார். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். பழக்கமானால் அது சாலைக்கு வரும், வண்டியில் அடிபட்டுச் சாகும். அது எங்கள் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மணலில் இறங்கிக் கடலோரமாக நடந்து போனது. குஞ்சுகள் அலைக்குப் பயந்து பயந்து ஓடின. அரை மணி நேரம் அந்தப் பப்பாளியைத் தொடவில்லை நாங்கள்.

காட்டில் இன்னொன்று. அவசரத்துக்குப் புதர்ப்பக்கம் ஒதுங்குவது நம் பழக்கம். அங்கே வேண்டாம். பாதையோரத்தில், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, கிம்பி கிம்பி என்று ஒரு செடி வளர்கிறது: நெஞ்சு வடிவ இலை, பார்க்க வெல்வெட் மாதிரி. இலையெங்கும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள். நம் செந்தட்டி அதற்கு முன்னால் குழந்தை. வலி மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும். ரோமம் எடுக்கிற மெழுகுப் பட்டையை ஒட்டிப் பிய்த்துத்தான் முள்ளை எடுப்பார்கள். நான் பட்டது அதைவிடக் குறைவு, பிரம்புக் கொடி. 'கொஞ்சம் நில்' என்ற அர்த்தத்தில் அந்த ஊரில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கொக்கி முள்ளால் சட்டையைப் பிடித்தால் நின்றுதான் ஆக வேண்டும். கணக்கு வாத்தியார் கையில் பார்த்த அதே பிரம்புதான் இங்கே உயிரோடு நிற்கிறது என்று இவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

மிஷன் பீச்சில் மாவு பொங்கியது.

மெல்பர்ன் குளிரில் இட்லி மாவு புளிப்பது லேசில்லை. ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வைத்து, போர்வை சுற்றி, ஒன்றரை நாள் காத்திருப்பேன். அந்தக் கணக்கிலேயே இட்லி ரவையும் உளுந்து மாவும் காய்ந்தபடி கொண்டுபோய், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரைத்து, முக்கால் டப்பா ஊற்றி, கட்டிலுக்கு அடியில் இழுப்பறையில் வைத்தேன். நடுராத்திரி இவர் கழிவறைக்கு எழுந்தவர் காலை வைத்ததும் "அய்யோ" என்றார். டார்ச் அடித்தால், டப்பா மூடியைத் தள்ளிவிட்டு, இழுப்பறை நிறைந்து, ஓரத்தில் வழிந்து, தரையில் நுரைத்துக்கொண்டு நிற்கிறது மாவு. ஏழு மணி நேரத்தில். தரையைத் துடைக்கத் தண்ணீர் எடுக்கப் போனால் வாசலில் விளக்கடியில் கேன் தேரைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-ல் கெய்ர்ன்ஸ் பக்கத்து கோர்டன்வேலில் கொண்டுவந்து விட்டார்களாம். வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்று நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பரவிவிட்டது. அவற்றைத் தாண்டி, கழிவறைப் பீங்கானில் ஒட்டியிருந்த பச்சைத் தவளையிடம் அனுமதி கேட்டு, வாளி நிறைத்து வந்து, இரண்டு பேரும் குனிந்து துடைத்தோம். ஒரு மணி ஆயிற்று. சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து வேனில் விளக்குப் போட்டார்கள். மிஞ்சிய மாவில் காலையில் சுட்ட தோசை மாதிரி, இந்த 20 வருடத்தில் நான் சுட்டதில்லை. அங்கே நேரமும் குறைவாகவே போதும், பாதி டப்பாதான் ஊற்ற வேண்டும்.

டலி ஊரில் ஒரு மழைக்காலணி சிலை நிற்கிறது, 7.9 மீட்டர் உயரம். 1950-ல் அந்த ஊரில் பெய்த மழையின் அளவு அது. சென்னையில் ஒரு வருடம் பெய்வது சுமார் 1.4 மீட்டர். உள்ளே படிக்கட்டு இருக்கிறது, ஏறிப் பார்த்தோம். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையில்தான் பெரிய சண்டை. முகாமில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். நான் இறங்கி நின்று "வாங்க, வாங்க" என்கிறேன். மழைச் சத்தத்தில் இவருக்கு "நில்லுங்க" கேட்கவில்லை. பின் பம்பர் தண்ணீர்க் குழாயில் போய் இடித்தது. "நீ எங்க நின்ன?" "நீங்க எங்க பாத்தீங்க?" இரண்டு மணி நேரம் பேசவில்லை. அந்தச் சின்ன வேனில் பேசாமல் இருப்பதற்கு நல்ல பயிற்சி வேண்டும். அவர் தண்ணீர் குடிக்க நான் காலை மடக்க வேண்டும். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். குரலே கிடையாது, கை மட்டும். என் இரண்டு கையும் கண்ணாடியில் தெரியாவிட்டால் வண்டி நகரக் கூடாது. இன்னொன்று, அதைவிடப் பயனுள்ளது: தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் வெளியே. அவர் நடக்கப் போனால் எனக்கு வேன். நான் துணி துவைக்கப் போனால் அவருக்கு. ஒட்டுமொத்தம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓட்டினோம். இவர் முதலில் போட்ட திட்டம் 2,400.

கெய்ர்ன்ஸில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பையன் கூரை, டயர், பம்பர் எல்லாம் பார்த்தான். பம்பர் கீறலுக்கு 180 டாலர் பிடித்தார்கள். இழுப்பறையைத் திறந்து மோந்து பார்த்தவன், "பீர் காய்ச்சினீர்களா?" என்றான்.

அடுத்தது டார்வின், ககாடு என்று இவர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜூன் மாதமென்றால் வருகிறேன், அக்டோபர் என்றால் நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போகும் தங்கச்சியிடம் தோர்த்து ஆறு வாங்கி வரச் சொல்லியாயிற்று.